உடுவிலும் வலிகாமம் தெற்கும் ஒன்றுதான்: இலங்கையை இடக்குறியீட்டோடு வரைபடமாக்க ஒரு முழு வழிகாட்டி

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து மூன்று பட்டியல்கள் ஒரே மேசைக்கு வருகின்றன என்று வையுங்கள். ஒன்றில் ‘வலிகாமம் தெற்கு’ என்று இருக்கிறது. இன்னொன்றில் ‘உடுவில்’. மூன்றாவது ஆங்கிலத்தில் இருக்கிறது, எழுத்துக்கூட்டலும் வேறு. மூன்றும் ஒரே பிரதேச செயலாளர் பிரிவுதான். ஊரை அறிந்தவருக்கு இதில் குழப்பமே வராது. ஆனால் எங்கோ உட்கார்ந்து அட்டவணையைக் கூட்டுகிறவருக்கும் அவருடைய கணினிக்கும் இவை மூன்று வெவ்வேறு இடங்கள். ஒரே குடும்பம் இரண்டு தடவை எண்ணப்படும். அல்லது எந்தப் பிரிவோடும் பொருந்தாத வரி என்று ஓரமாக ஒதுக்கப்படும். அப்படி ஒதுங்கிய வரியில் இருப்பவர்களுக்குப் பாயும் போகாது, பால்மாவும் போகாது.

இதற்குத்தான் இடக்குறியீடு. களத்தில் இருப்பவர்கள் ‘பி-கோட்’ என்பார்கள். ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும் மாறாத ஒரு குறியீடு. பெயர் எந்த மொழியில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் குறியீடு ஒன்றே. ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா, நாடு நாடாக இந்தக் குறியீடுகளோடு எல்லைக் கோப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. யார் எங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் முதல் தேவை மதிப்பீடு வரை எல்லாம் அந்தக் குறியீட்டின் மேல்தான் நிற்கின்றன.

குறியீட்டை யாரும் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. தகவல் முதன்முதலில் பதிவாகும் இடத்திலேயே, கிராம அலுவலரின் மேசையிலோ தொண்டரின் கைபேசியிலோ, அது ஒட்டியிருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான். உதாரணத்துக்கு இலங்கையை எடுத்திருக்கிறேன். மூன்று மொழி, அடிக்கடி பிரியும் பிரிவுகள், தோட்டக் குடியிருப்புகள், தீவுகள் என்று இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இங்கே இருக்கின்றன.

படி 1: குறியீட்டைக் கண்ணால் படிக்கப் பழகுங்கள்

இலங்கையின் நிர்வாக அடுக்கு நான்கு: 9 மாகாணங்கள், 25 மாவட்டங்கள், 330க்கு மேற்பட்ட பிரதேச செயலாளர் பிரிவுகள், 14,000க்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள். குறியீடும் இதே வரிசையில் நீளும். முதலில் நாட்டின் இரண்டெழுத்துச் சுருக்கம், எல்கே. கோப்பில் அது இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கும். அடுத்த ஓர் இலக்கம் மாகாணம்: மேல் 1, வடக்கு 4, கிழக்கு 5, சப்ரகமுவ 9. இன்னோர் இலக்கம் சேர்ந்தால் மாவட்டம்: எல்கே41 யாழ்ப்பாணம், எல்கே51 மட்டக்களப்பு, எல்கே81 பதுளை. மேலும் இரண்டு இலக்கம் சேர்ந்தால் பிரதேச செயலாளர் பிரிவு. அதன்மேல் மூன்று சேர்ந்தால் கிராம அலுவலர் பிரிவு.

ஆக, மாகாணக் குறியீடு 3 எழுத்து நீளம், மாவட்டம் 4, பிரதேச செயலாளர் பிரிவு 6, கிராம அலுவலர் பிரிவு 9. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) 8 எழுத்துள்ள குறியீடு கண்ணில் பட்டால், வேறெதையும் பார்க்காமலே அது பிழை என்று சொல்லிவிடலாம். இடப்பக்கத்து நான்கு எழுத்தை வெட்டி எடுத்தால் மாவட்டம் கிடைக்கும். ஆறை எடுத்தால் பிரதேச செயலாளர் பிரிவு கிடைக்கும். மேல் அடுக்குக்குக் கூட்டுத்தொகை போட வேறெந்தப் பட்டியலும் தேவையில்லை.

எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகாது. கொழும்பு மாவட்டத்தில் கொழும்புப் பிரிவு 03, கொலன்னாவ 06, கடுவெல 09. கிராம அலுவலர் பிரிவுகள் 005, 010, 015 என்று ஐந்தைந்தாகத் தாவும். நடுவில் ஒரு புதிய பிரிவு உருவானால் அதற்கு எண் கொடுக்க இடம் இருக்கிறது. எண் தாவுகிறதே, தரவு விடுபட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்.

படி 2: 42 என்றால் மன்னாரா, கிளிநொச்சியா?

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவும் இலங்கை மாவட்டங்களுக்கு எண் கொடுத்திருக்கிறது. மென்பொருள்கள், இணையத்தில் கிடைக்கும் மாவட்டப் பட்டியல்கள் பலவற்றில் இருப்பது அதுதான். மேல் மாகாணம், மத்திய மாகாணம், தெற்கு, கிழக்கு என்று எங்கே பார்த்தாலும் ஐஎஸ்ஓ எண்ணும் நம் இடக்குறியீட்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும். வட மாகாணத்தில் மட்டும் முரண்படும்.

புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரிசையில், அதையே பின்பற்றும் இடக்குறியீட்டிலும், 41 யாழ்ப்பாணம், 42 மன்னார், 43 வவுனியா, 44 முல்லைத்தீவு, 45 கிளிநொச்சி. ஐஎஸ்ஓவில் 41 யாழ்ப்பாணம், 42 கிளிநொச்சி, 43 மன்னார், 44 வவுனியா, 45 முல்லைத்தீவு. யாழ்ப்பாணத்தைத் தவிர நான்கும் இடம் மாறிக் கிடக்கின்றன.

ஒரு பட்டியலில் ஐஎஸ்ஓ எண்ணும் மற்றதில் இடக்குறியீடும் இருக்க, இரண்டையும் எண்ணை வைத்து இணைத்தால் கணினிக்கு எந்தச் சந்தேகமும் வராது: நீளம் சரி, எல்லாக் குறியீடும் மறுபக்கத்தில் இருக்கிறது, இணைப்பு நூறு சதவீதம் பொருந்தும், எச்சரிக்கை ஒன்றும் வராது. ஆனால் கிளிநொச்சிக்குப் போக வேண்டிய கூடாரம் மன்னாரின் கணக்கில் ஏறியிருக்கும். வேறு நாட்டுத் தரவுகளோடு பழகிய ஒரு பகுப்பாய்வாளர், எண் பொருந்திவிட்டது என்ற நம்பிக்கையில் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எனவே எந்தக் குறியீட்டுப் பட்டியல் கைக்கு வந்தாலும் முதலில் 42ஐத் தேடி, பக்கத்தில் எந்த ஊர் இருக்கிறதென்று பாருங்கள். ஐஎஸ்ஓ எண்களை எழுதும்போது நாட்டுச் சுருக்கத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு சிறுகோடு வரும்; இடக்குறியீட்டில் வராது. அந்தச் சிறுகோட்டை ‘சுத்தம் செய்கிறேன்’ என்று நீக்கிவிட்டால், இரண்டையும் பிரித்துக்காட்டும் ஒரே அடையாளமும் போய்விடும்.

படி 3: கோப்பை எடுங்கள், பிறந்த ஆண்டைப் பாருங்கள்

ஓச்சாவின் எச்டிஎக்ஸ் தளத்தில், 2014 முதல் இயங்கும் திறந்த தரவுத் தளம் அது, இலங்கையின் நிர்வாக எல்லைக் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எல்லைக்கோடுகளின் மூலம் நில அளவைத் திணைக்களம். ஒவ்வொரு அடுக்குக்கும் எல்லையை வரையும் பலகோணங்கள் தனியாகவும், பெயர்களும் குறியீடுகளும் அடங்கிய அட்டவணை தனியாகவும் வரும். இரண்டையும் இறக்கி வையுங்கள். வரைபடம் வரையாத நாட்களிலும் அட்டவணை தேவைப்படும்.

இறக்கிய கையோடு கோப்பின் திகதியை எழுதி வையுங்கள். பழைய கோப்புகள் இணையம் முழுக்க அலைகின்றன, அவை எந்தக் காலத்தவை என்று சில அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எட்டு மாகாணம் மட்டும் இருந்து ‘வடக்கு கிழக்கு’ ஒன்றாக இருந்தால், அது 1988இல் இணைத்த மாகாணங்களை 2007இன் தொடக்கத்தில் பிரித்ததற்கு முந்தைய நிலை. கிளிநொச்சி என்ற மாவட்டமே இல்லையென்றால் இன்னும் பழையது. அது யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் ‘யாழ்ப்பாணம்’ இன்றைய கிளிநொச்சியையும் உள்ளடக்கியது என்பதை, மக்கள்தொகையை ஒப்பிடுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

படி 4: க்யூஜிஐஎஸ்ஸில் திறந்து அளவைமுறையைச் சரிபார்த்தல்

க்யூஜிஐஎஸ் ஓர் இலவச வரைபட மென்பொருள். இந்த வேலை முழுவதற்கும் அதுவே போதும். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவில் கிடைத்தால், ஜியோபேக்கேஜ் என்ற வடிவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஷேப்ஃபைலில் பத்தியின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டப்படும். தமிழும் சிங்களமும் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்த வடிவில்தான். உடைந்திருந்தால், அடுக்கின் பண்புகளில் எழுத்துக் குறிமுறையை யூடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள்.

அளவைமுறையில், அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறையில், ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற அடையாள எண் உண்டு. கைபேசியும் ஜிபிஎஸ்ஸும் தருவது டபிள்யூஜிஎஸ் 84 பாகைகள், ஈபிஎஸ்ஜி எண் 4326. நில அளவைத் திணைக்களத்தின் இன்றைய கட்டமைப்பு எஸ்எல்டி 99, எண் 5235. அதில் ஆயங்கள் மீட்டரில் இருக்கும். பழைய வரைபடங்களில் கண்டவல கட்டமைப்பு, எண் 5234. கண்டவலவில் தொடக்கப் புள்ளிக்கு இரண்டு லட்சம், இரண்டு லட்சம் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எஸ்எல்டி 99இல் அதுவே ஐந்து லட்சம், ஐந்து லட்சம். ஒன்றை மற்றதென்று நினைத்துத் திறந்தால் புள்ளிகள் கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டரும் வடக்கு தெற்காக 300 கிலோமீட்டரும் விலகிக் கடலில் போய் விழும். இவ்வளவு பெரிய விலகல் உடனே கண்ணில் படும் என்பது ஒரு நன்மைதான்.

பாகையில் உள்ள புள்ளிகளுக்கு எளிய வடிகட்டி ஒன்று: இலங்கைக்குள் இருக்கும் எந்த இடத்துக்கும் அகலாங்கு 5.9க்கும் 9.9க்கும் நடுவில், நெட்டாங்கு 79.5க்கும் 81.9க்கும் நடுவில். அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறிப் பதிவாவது தினமும் நடக்கிற பிழை. யாழ்ப்பாண நகரத்தின் எண்களை மாற்றிப் போட்டால் புள்ளி வட துருவக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் விழும்.

படி 5: எல்லைகளை நம்புமுன் சோதியுங்கள்

பலகோணங்களின் வடிவம் சரியா என்று பார்க்கும் ‘செக் வேலிடிட்டி’ என்ற கருவியை ஓட்டுங்கள். பிழை காட்டினால், அதைத் திருத்தும் ‘ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்’. பிறகு ‘டோபாலஜி செக்கர்’ கொண்டு பக்கத்துப் பக்கத்துப் பலகோணங்களுக்கு நடுவே இடைவெளியோ ஒன்றின்மேல் ஒன்று ஏறலோ இருக்கிறதா என்று பாருங்கள். நூல் போன்ற மெல்லிய இடைவெளிக்குள் ஒரு கிராமத்தின் புள்ளி விழுந்தால் அந்தக் கிராமம் எந்தப் பிரிவுக்கும் சேராமல் போகும்.

அடுத்து, கிராம அலுவலர் பிரிவுகளைக் குறியீட்டின் முதல் ஆறு எழுத்தை வைத்து ‘டிசால்வ்’ செய்து (ஒன்றாக இணைத்து), கிடைப்பதைக் கொடுக்கப்பட்ட பிரதேச செயலாளர் அடுக்கோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கீழ் அடுக்கை மூலமாக வைத்து மேல் அடுக்குகளை நீங்களே கட்டிக்கொள்வது நல்லது. ஒரு கிராம அலுவலர் பிரிவு இரண்டு மாவட்டத்தின் வெளிக்கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் எந்தக் கூட்டலும் சரிவராது. மொத்தப் பரப்பளவை எஸ்எல்டி 99இல் கணக்கிடுங்கள். நாட்டின் 65,610 சதுர கிலோமீட்டரை ஒட்டி வர வேண்டும். குறியீட்டுப் பத்தியில் இரட்டிப்பு, வெற்றுக் கட்டம், தவறான நீளம் மூன்றையும் தேடிவிட்டால் இந்தப் படி முடிந்தது.

படி 6: பெயர்ப் பட்டியல் – மெனக்கெட வேண்டிய இடம் இதுதான்

குறியீடு இருக்கிறதே, பெயர் எதற்கு என்று கேட்கலாம். மக்கள் குறியீட்டில் பேசுவதில்லை. தொலைபேசியில் உதவி கேட்கிறவர் ‘மருதங்கேணியில் தண்ணீர் ஏறிவிட்டது’ என்றுதான் சொல்வார். ‘வடமராட்சி கிழக்கு’ என்றுகூடச் சொல்ல மாட்டார். அந்தச் சொல்லிலிருந்து குறியீட்டுக்குப் போக ஒரு பாதை வேண்டும். அதுதான் மாற்றுப்பெயர் அட்டவணை.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலாளர் பிரிவுகள். பெரும்பாலானவற்றுக்கு ஆவணப் பெயர் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று. வலிகாமம் வடக்கு தெல்லிப்பழை, மேற்கு சங்கானை, தென்மேற்கு சண்டிலிப்பாய், கிழக்கு கோப்பாய். வடமராட்சி வடக்கு பருத்தித்துறை, தென்மேற்கு கரவெட்டி. தென்மராட்சி சாவகச்சேரி. தீவுப் பகுதியில் இன்னும் ஒரு சிக்கல்: ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் கைட்ஸ், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். ஒலியை வைத்துப் பொருத்தும் எந்த மென்பொருளாலும் நெடுந்தீவையும் டெல்ஃப்டையும் இணைக்க முடியாது. அதை ஒரு மனிதர் தெரிந்து எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

மட்டக்களப்பில் சிக்கல் வேறு மாதிரி. கோறளைப்பற்று என்ற பெயரில் ஐந்து பிரிவுகள்: கோறளைப்பற்று (வாழைச்சேனை), வடக்கு (வாகரை), மேற்கு (ஓட்டமாவடி), தெற்கு (கிரான்), மத்தி. யாராவது படிவத்தில் ‘கோறளைப்பற்று’ என்று மட்டும் எழுதிவிட்டால் ஐந்தில் எது? வாழைச்சேனைதான் என்று அட்டவணை முடிவு செய்துவிடும். எழுதியவர் வாகரையிலிருந்து எழுதியிருக்கலாம். இப்படிப்பட்ட பெயர்களுக்கு முன்னால் ஒரு கொடி நட்டு வையுங்கள்: ‘கேட்டு உறுதிசெய்க’.

அட்டவணையை இப்படி அமையுங்கள். ஒரு வரிக்கு ஒரு பெயர். ஒரு இடத்துக்கு எத்தனை வரியும் இருக்கலாம். பத்திகள்: குறியீடு, பெயர், மொழி, பெயரின் வகை (ஆவணப் பெயர், வழக்குப் பெயர், பழைய பெயர், தவறான எழுத்துக்கூட்டல்), எங்கே கிடைத்தது. தவறான எழுத்துக்கூட்டலையும் சேமியுங்கள். இன்று ஒருவர் செய்த பிழையை நாளை இன்னொருவர் செய்வார், அப்போது அது தானாகப் பொருந்திக்கொள்ளும்.

கிராம அலுவலர் பிரிவில் பெயரோடு ஓர் எண்ணும் வரும். யாழ்ப்பாணத்தில் ‘ஜே’ என்று தொடங்கும் அந்த எண்ணை மக்களும் நன்கு அறிவார்கள். நிவாரண அட்டை முதல் குடியிருப்புச் சான்றிதழ் வரை எங்கும் அது இருக்கிறது. அதையும் மாற்றுப்பெயராகச் சேருங்கள். ஆனால் அதையே குறியீடாக வைத்துக்கொள்ளாதீர்கள். வேறு மாவட்டங்களில் முன்னெழுத்து இல்லாத வெற்று எண்கள் உண்டு, ஒரே எண் பல இடங்களில் வரும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே தெரிகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது பாமினி. அலுவலகங்களிலிருந்து வரும் தமிழ்ப் பட்டியல்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழ் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஒருங்குறிக்கு மாற்றாமல் எதையும் ஒப்பிட முயல வேண்டாம். இரண்டாவது இன்னும் நுட்பமானது. ‘கிளிநொச்சி’யில் உள்ள ‘நொ’வைப் பாருங்கள். ஒருங்குறியில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ‘கொழும்பு’, ‘கோப்பாய்’, ‘திருகோணமலை’ எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்துப் பெயர்களையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்துக்கு உட்படுத்துங்கள். பைதான் நிரல்மொழியில் அது ஒற்றை வரி வேலை. கூடவே சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களையும் நீக்குங்கள்.

படி 7: குடியிருப்புகளைப் புள்ளிகளாக இடுதல்

எல்லைக் கோப்பு கிராம அலுவலர் பிரிவோடு நின்றுவிடும். லாரி போய் நிற்க வேண்டியது அதற்கும் கீழே, ஊரில். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள் பல ஊர்கள் இருக்கும். மலையகத்தில் இந்த இடைவெளி மிகப் பெரியது. ஒரே பிரிவுக்குள் பல தோட்டங்கள், தோட்டத்துக்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, அவற்றுக்குள் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயன்கள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தொழிலாளர் வாயில் வேறொரு பெயர். கிராம அலுவலர் மட்டத்துக் குறியீடு மட்டும் இருந்தால் இந்த மக்கள் அட்டவணையில் தனியாகத் தெரியவே மாட்டார்கள்.

2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதைந்தன. காணாமற்போனோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை முதல் நாட்களில் பெரிதும் ஏறி இறங்கியது. அல்துமுல்லை பிரதேச செயலாளர் பிரிவு என்ற குறியீடு அந்த நேரத்தில் அவ்வளவாக உதவாது. எந்த லயன், எத்தனை காம்பிரா (அறை), எத்தனை குடும்பம் என்பதுதான் அப்போது வேண்டிய தகவல். மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் லயன் மட்டத்துப் புள்ளிகளை முன்கூட்டியே எடுத்து வைப்பது மற்ற எல்லா வேலையையும் விட முந்தியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புள்ளிகளை, எவரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தொடங்கலாம். செயற்கைக்கோள் படத்தில் லயன் கூரைகளின் நீண்ட வரிசை நன்றாகத் தெரியும். பெயரைப் படம் சொல்லாது. அதைத் தோட்டத்து ஆசிரியரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேட்க வேண்டும். புள்ளியை மக்கள் கூடும் இடத்தில் இடுங்கள்: பாடசாலை, கோயில், பிள்ளை மடுவம் (குழந்தைகள் பராமரிப்பு இல்லம்). பரப்பின் நடுப்புள்ளியை மென்பொருளிடம் விட்டால் அது தேயிலை மலைக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கும். பாகையில் ஐந்து தசம இடம் போதும். ஐந்தாவது இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

குடியிருப்புக்குக் குறியீடு கொடுக்கும்போது, அது இருக்கும் கிராம அலுவலர் பிரிவின் 9 எழுத்துக்குப் பின்னால் ஒரு தொடர் எண் சேர்க்கலாம். ஆனால் நாளை எல்லை மாறினால் குறியீட்டின் முதல் பாதி பொய்யாகிவிடும். ஆகவே எனக்குப் பிடித்த முறை வேறு: குடியிருப்புக்குப் பொருளற்ற தனி எண் ஒன்று, பக்கத்துப் பத்தியில் தாய்ப் பிரிவின் குறியீடு. ஊர் நகராது, எல்லைதான் நகரும். எல்லை மாறினால் தாய்ப் பத்தியை மட்டும் திருத்தினால் போதும். நீங்கள் கொடுத்த எண்ணை அதிகாரபூர்வக் குறியீடு போலத் தோன்ற விடாதீர்கள். முன்னால் உங்கள் குழுவுக்கான வேறொரு முன்னெழுத்தை வையுங்கள்.

படி 8: புள்ளியையும் பலகோணத்தையும் சேர்த்தல்

க்யூஜிஐஎஸ்ஸில் ‘ஜாயின் அட்ரிபியூட்ஸ் பை லொகேஷன்’ என்ற கருவியை ஓட்டினால் ஒவ்வொரு ஊருக்கும் அது விழும் பிரிவின் குறியீடு வந்து ஒட்டிக்கொள்ளும். ஓட்டிய பிறகு வெறுமையாக வந்த வரிகளைத் தனியே எடுங்கள். கரையோரத்திலும் களப்போரத்திலும் இவை நிறைய இருக்கும், ஏனென்றால் எல்லைக் கோப்பின் கரைக்கோடு எளிமையாக்கப்பட்டது. மீனவர் வாடி (கரையோரக் குடிசை) கடலுக்குள் இருப்பதாகத் தோன்றும். அவற்றுக்கு ‘நியரஸ்ட்’ முறையில் அருகிலுள்ள பிரிவைக் கொடுங்கள், தூரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டியவற்றைக் கையால் பாருங்கள்.

இன்னொரு சோதனை: படிவத்தில் மக்கள் சொன்ன பிரிவும் புள்ளி காட்டும் பிரிவும் வேறாக இருந்தால், புள்ளியே சரி என்று எடுத்துவிடாதீர்கள். எல்லையோரத்தில் ஒரு குடும்பம் எந்தக் கிராம அலுவலரிடம் பதிந்திருக்கிறதோ அங்கேதான் நிவாரணம் பெறும். இரண்டையும் இரண்டு பத்தியில் வையுங்கள்.

படி 9: படிவத்திலேயே குறியீடு

கைபேசியில் தகவல் சேகரிக்கும் கோபோ டூல்பாக்ஸ் போன்ற மென்பொருள்களின் படிவங்களில் இடத்தைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். மாவட்டத்தைத் தேர்ந்தால் அதன் பிரதேச செயலாளர் பிரிவுகள், அதைத் தேர்ந்தால் கிராம அலுவலர் பிரிவுகள் என்று வடிகட்டி வரும்படி அமையுங்கள். திரையில் தெரிவது தமிழிலும் சிங்களத்திலும் பெயர். உள்ளே சேமிக்கப்படுவது குறியீடு. பட்டியலில் ‘வலிகாமம் தெற்கு – உடுவில்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்தே காட்டுங்கள். 14,000 பிரிவையும் ஒரே படிவத்தில் திணித்தால் பழைய கைபேசிகள் திணறும். பாதிக்கப்பட்ட மாவட்டங்களை மட்டும் ஏற்றுங்கள், அல்லது பட்டியலைத் தனி சிஎஸ்வி (வெற்று உரை அட்டவணை) கோப்பாக இணையுங்கள். கடைசியில் ‘பட்டியலில் இல்லை’ என்ற தெரிவும் ஓர் எழுத்துப் பெட்டியும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

எக்செல்லில் சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்க வேண்டாம். தமிழ் சிதையும், 005 என்பது 5 ஆகும். தரவு இறக்குமதி வழியாகப் போய், யூடிஎஃப்-8 என்று சொல்லி, எண் பத்திகளை உரை என்று குறித்துத் திறங்கள். இணைப்பு முடிந்ததும் பொருந்தாத வரிகளை அழிக்காமல் தனித் தாளில் வைத்து, அறிக்கையில் ‘இடம் உறுதியாகாத குடும்பங்கள்’ என்று எண்ணிக்கையோடு காட்டுங்கள். அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்.

படி 10: ஒன்றுக்குள் ஒன்று அடங்காத எல்லைகள்

பிரதேச செயலாளர் பிரிவும் பிரதேச சபையும் ஒன்றல்ல. தென்மராட்சி என்ற ஒரே செயலாளர் பிரிவுக்குள் சாவகச்சேரி நகர சபையும் இருக்கிறது, சாவகச்சேரி பிரதேச சபையும் இருக்கிறது. யாழ்ப்பாண மாநகர சபையின் எல்லை யாழ்ப்பாணம், நல்லூர் என்ற இரண்டு செயலாளர் பிரிவுகளைத் தொடுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு, பொலிஸ் பிரிவு, தேர்தல் வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை. டெங்கு எண்ணிக்கை சுகாதாரப் பிரிவு வாரியாக வரும். அதை அப்படியே செயலாளர் பிரிவின் குறியீட்டில் போடாதீர்கள். கிராம அலுவலர் பிரிவை இணைப்புக் கண்ணியாக வைத்து, எது எதில் அடங்குகிறது என்ற பொருத்த அட்டவணை ஒன்றைச் செய்யுங்கள்.

படி 11: பிரிவுகள் பிரியும்போது

நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்தே பிரதேச செயலாளர் பிரிவுகள். மக்கள்தொகை மிக அதிகம், மக்கள் ஒரு கையெழுத்துக்காக வெகுதூரம் போக வேண்டியிருந்தது. அண்மைய ஆண்டுகளில் நோர்வூட், தலவாக்கலை முதலிய புதிய செயலகங்கள் பிரிக்கப்பட்டன. மக்களுக்கு நல்லது, அட்டவணைக்கு வேலை. இன்றைய அம்பகமுவவின் எண்ணிக்கையை, 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பகமுவ என்று இருக்கும் மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் பொய் சொல்லும்.

இதற்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் ‘எப்போதிருந்து’, ‘எப்போது வரை’ என்று இரண்டு திகதிப் பத்திகள் வையுங்கள். பிரிந்த பிரிவுக்குப் புதிய குறியீடு வரும்; பழையதை அழிக்காமல் முடிவுத் திகதி மட்டும் போடுங்கள். ஒருமுறை பயன்பட்ட குறியீட்டை வேறோர் இடத்துக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். பழையது எந்தப் புதியவையாகப் பிரிந்தது என்ற தாய்–சேய் அட்டவணையும் சேரட்டும்.

படி 12: வெளியிடும் முன்

வீட்டு மட்டத்து ஆயங்களையும் பெயர்களையும் பொதுவெளியில் வைக்காதீர்கள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருக்கும் இடம், பெண்கள் தனியாகத் தலைமை தாங்கும் குடும்பங்கள் போன்ற தகவல்களைப் பிரதேச செயலாளர் மட்டத்துக்குக் கூட்டிக் கொடுங்கள். ஒரு பிரிவில் இரண்டு மூன்று குடும்பம்தான் என்றால் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லை என்பது பல இடங்களில் அரசியல். அம்பாறை மாவட்டத்தின் கல்முனை வடக்கு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய சர்ச்சை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2019இல் அது உண்ணாவிரதம் வரை போனது. நிவாரண வரைபடம் அதில் தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. பயன்படுத்திய கோப்பு எது, எந்தத் திகதி, எல்லைகள் எவருடைய உரிமையையும் ஏற்றோ மறுத்தோ வரையப்பட்டவை அல்ல என்ற குறிப்பை வரைபடத்தின் கீழேயே அச்சிடுங்கள்.

பிழை ஒன்று கண்டால் உங்கள் நகலில் மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள். அடுத்த அனர்த்தத்தில் வேறொருவர் அதே பிழையோடு தொடங்குவார். எச்டிஎக்ஸ் பக்கத்தில் தரவைப் பதிவேற்றியவருக்கு எழுத வசதி இருக்கிறது. எழுதும்போது குறியீடு, கோப்பில் உள்ளது, இருக்க வேண்டியது, சான்றான வர்த்தமானியின் எண்ணும் திகதியும் ஆகிய நான்கையும் ஒரு திருத்தத்துக்கு ஒரு வரியாக அட்டவணையில் வைத்து அனுப்புங்கள்.